கடம்பு போய்ச் சீமைக் கருவேல் வந்த கதை

மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பிக் கடம்ப மரத்தைத் தேடிக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறவர் ஏமாந்துதான் போவார். மேலூர்ச் சாலையில் வந்தாலும் சரி, திருமங்கலம் வழியாக வந்தாலும் சரி, மானாமதுரைப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தாலும் சரி, அவரை எதிர்கொண்டு அழைப்பது வேறொரு மரம். பந்தல் போட்டதுபோல் படர்ந்து, முள்ளை நீட்டிக்கொண்டு, பங்குனி வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கும் சீமைக் கருவேல்தான் அது.

ஊர்ப் பெயரில் ஒரு மரம். ஊரைச் சுற்றி வேறொரு மரம். இந்த மாற்றம் எப்படி வந்தது? கடம்பு தானாகப் போயிற்றா, நாம் விரட்டினோமா? சீமைக் கருவேல் தானாக வந்ததா, நாம் அழைத்தோமா? அரசர்களின் வரலாற்றை எழுதிவைத்திருக்கிறோம். மரங்களுக்கும் வரலாறு உண்டு. அதை மண்ணும் மழையும் சேர்ந்து எழுதுகின்றன. நடுநடுவே மனிதனும் கையெழுத்துப் போடுகிறான்.

முதலில் புராணத்திலிருந்து தொடங்குவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தனஞ்சயன் என்ற வணிகன் வருகிறான். மணவூரைச் சேர்ந்தவன். மேற்கே வாணிகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கடம்பங்காட்டுக்குள் இருட்டிவிடுகிறது. அங்கே இந்திரன் வழிபட்ட விமானத்தையும் லிங்கத்தையும் காண்கிறான். விடிந்ததும் குலசேகர பாண்டியனிடம் ஓடிப்போய்ச் சொல்கிறான். அரசன் காட்டைத் திருத்தி நகரம் எடுக்கிறான். அந்த நகரம்தான் மதுரை. இன்றைக்கும் மீனாட்சியம்மன் கோயிலில், சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில், உயிர் போய்ப் பல காலமான ஒரு கடம்ப மரத்தின் அடிப்பாகத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். தல விருட்சம் என்று அதற்கு வணக்கமும் உண்டு.

புராணத்தைப் பக்தியோடு படிப்பது ஒரு வழி. அதிலே ஒளிந்துகொண்டிருக்கும் மண்ணின் செய்தியைத் தேடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போகிறவருக்கு முதலிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கடம்பு என்றால் எந்தக் கடம்பு?

தமிழ் நாட்டில் கடம்பு என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் உலவுகின்றன. பெரிய இலையும், பந்துபோல் உருண்ட மஞ்சள் பூவும் உடைய வெண்கடம்பு ஒன்று. அதைப் போலவே, ஆனால் இலையும் பூவும் சிறுத்து, ஏரிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் நீர்க்கடம்பு இன்னொன்று. சரம் சரமாகச் சிவந்த பூவைத் தொங்கவிடும் செங்கடம்பு மூன்றாவது. இது முதல் இரண்டுக்கும் உறவே இல்லாத வேறு குடும்பம். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மூன்றும் தண்ணீருக்குப் பக்கத்தில் வாழ ஆசைப்படுகிற மரங்கள்.

ஆனால் ஆசையில் அளவு வேறுபாடு இருக்கிறது. பெரிய வெண்கடம்பு செல்லப் பிள்ளை. ஆழமான வண்டல் மண்ணும், காய்ந்து போகாத ஈரமும் அதற்கு வேண்டும். அது காடாகச் செழித்து நிற்கும் இடங்களில் ஆண்டுக்குப் பெரும்பாலும் 150 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். மதுரைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தை பிறந்தால் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மேற்கே பார்த்தால் போதும். வருஷநாட்டு மலையும் அதற்கு அப்பால் ஏலமலையும் சுவர்போல் நிற்கின்றன. ஆனி ஆடியில் அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு வரும் மேகங்கள் அந்தச் சுவரின் மறுபக்கத்திலேயே சுமையை இறக்கிவிடுகின்றன. தேக்கடிப் பக்கம் பெய்வது மதுரையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நமக்கு வருவது காற்று மட்டும்தான். ஆடிக் காற்று அம்மியை நகர்த்துமே தவிர ஒரு குடம் தண்ணீர் தராது.

அப்படியானால் இந்த வறண்ட சமவெளியில் கடம்பங்காடு இருந்தது என்பது வெறும் கற்பனையா? அப்படித் தள்ளிவிடவும் முடியாது. மழை தராத தண்ணீரை ஆறு தந்தது. வைகை எங்கே ஓடுகிறதோ அங்கே அதன் இரு மருங்கிலும் வண்டல் படிந்தது. மேலே மணல் காய்ந்தாலும் அடியில் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. மழையை எதிர்பார்க்காமல் ஊற்றை நம்பி வாழும் மரங்களுக்கு அது போதும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்து சேரும்போது இளங்கோவடிகள் வைகைக் கரை மரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த வரிசையில் மருதம் இருக்கிறது, மரவமும் இருக்கிறது. மரவம் என்பது வெண்கடம்பு என்று உரை கூறுவர். பரிபாடலில் வைகைத் துறைக்குத் திருமருத முன்துறை என்றே பெயர். இன்றும் கிராமத்து மக்கள் மதுரையை ‘மருதை’ என்றுதான் சொல்கிறார்கள். மருத மரமும் ஆற்றங்கரையை விட்டு நகராத மரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கடம்பவனம் என்பதைக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த பெருங்காடாக எண்ணிக்கொள்வது சரியாகாது. ஆற்றோடு ஒட்டி, பச்சைக் கரை வைத்த வேட்டிபோல நீண்டு கிடந்த ஒரு சோலை அது என்று கொண்டால், மண்ணும் ஒப்புக்கொள்கிறது, மழையும் ஒப்புக்கொள்கிறது. ஆற்றிலிருந்து ஒரு நாழிகை நடந்தால் கரை முடிந்துவிடும், வேட்டி தொடங்கிவிடும். அதன் நிறம் வேறு.

அந்த வேட்டியும் ஒரே நூலில் நெய்ததல்ல. மதுரையைச் சுற்றி நான்கு வகை மண்ணாவது உண்டு. ஆற்றோரத்தில் வண்டல். மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் பாறை நொறுங்கிப் பிறந்த செம்மண். தெற்கே திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி, பேரையூர் போகிற வழியில் கரிசல். இவற்றுக்கு இடையில், தண்ணீர் வடியாமல் தேங்கி உப்புப் பூத்த இடங்களில் களர்.

ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சுபாவம். செம்மண் கைப்பிடியில்லாத செலவாளி. பெய்த மழையை அன்றைக்கே கீழே விட்டுவிடும். கரிசல் நேர் எதிர், கஞ்சன். தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு எளிதில் கொடுக்காது. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் இளங்கன்றின் வேர் அறுந்துபோகும். அதனால்தான் கரிசல் காட்டில் நெடுந்தூரம் மரமே இல்லாமல் வெட்டவெளியாகக் கிடப்பதைப் பார்க்கிறோம். பருத்திக்கும் கம்புக்கும் தாயாக இருக்கும் மண், மரத்துக்கு மாற்றாந்தாய். களரோ வேரின் வாயையே அடைத்துவிடும்.

இதையெல்லாம் மண் ஆராய்ச்சிக்கூடம் வந்து சொல்லும் முன்பே நம் கிராமத்தார் தெரிந்து வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். உசிலம்பட்டி என்ற பெயரில் உசில மரம் இருக்கிறது. மெல்லிய செம்மண்ணிலும் சரளையிலும் வளரும் மரம் அது. அதன் இலையை உலர்த்தி இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. மதுரைக்கு ஒட்டினாற்போல் ஒரு விளாங்குடி, ஓர் இலந்தைக்குளம், ஒரு பனையூர், திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு கருவேலம்பட்டி. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அங்கே கண்ணில் பட்ட மரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நமக்கு அது தாவர வரைபடமாக மிஞ்சியிருக்கிறது.

முள் மரங்களிலேகூட இந்தப் பாகுபாடு இருந்தது. கண்மாய் உள்வாயில், களிமண்ணில், மூன்று மாதம் தண்ணீரில் நின்றாலும் சாகாதது நாட்டுக் கருவேல். மேட்டுச் செம்மண்ணில் வெளிர்ந்த பட்டையோடு நிற்பது வெள்வேல். இரண்டும் ஒதுக்கிய ஏழை மண்ணில் குடை விரித்து நிற்பது உடை மரம். பாகப் பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி, ஒருவர் எல்லைக்குள் ஒருவர் நுழையாமல் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், பூ, பறவை, விலங்கு எல்லாவற்றையும் கருப்பொருள் என்றார். நிலமும் காலமும் முதலில். அவற்றிலிருந்து பிறப்பன பின்னால். அகப்பாட்டுக்கு இலக்கணம் சொல்ல வந்தவர் தாவரத்துக்கும் சேர்த்து இலக்கணம் சொல்லிவிட்டார். இதைக் காட்டிலும் எனக்கு வியப்பாகப் படுவது பாலையைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த கருத்து. பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழை தவறி வெயிலில் வெந்து தம் இயல்பு கெடும்போது, அவையே பாலையாகிவிடுகின்றன. இப்படிச் சிலப்பதிகாரம் சொல்வது மதுரைக் காண்டத்தில்தான். பாலை ஓர் இடமல்ல, ஒரு நிலைமை. எந்த நிலத்துக்கும் அந்த நிலைமை வரலாம்.

நம் ஊருக்கு அது வந்தது.

வந்த விதத்தை ஒரே நாளில் நடந்ததாகச் சொல்ல முடியாது. நகரம் பெருகப் பெருக ஆற்றங்கரைச் சோலை வயலாயிற்று. வயல் பின்னால் வீடாயிற்று. வண்டல் மண் நெல்லுக்கும் வாழைக்கும் உகந்ததாக இருந்ததே கடம்புக்கு வினையாக முடிந்தது. நல்ல மண்ணில் வளர்கிற காட்டு மரத்துக்கு ஆயுள் குறைவு. மனிதன் அங்கேதான் முதலில் கலப்பையை வைப்பான்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1895-இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே போய்க் கடலில் விழுந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையில் இறங்கி, பேரணையிலிருந்து வாய்க்காலாகப் பிரிந்து மேலூர் வரை பாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெய்த மழையை மனிதன் ஓட்டை போட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தான். செம்மண் மேடுகள் நெல் வயல்களாயின. பசித்த வயிறுகள் நிறைந்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கால் போன இடத்தில் உசிலும் வெள்வேலும் போயின. நெல்லோடு கோரை வந்தது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபின் ஆறும் மனிதனின் கணக்குப்படி ஓடத் தொடங்கியது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கும் அணையிலிருந்து தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. பிறகு மணலையும் அள்ளினோம். மணல் போனபின் ஊற்று கீழே இறங்கிற்று. ஊற்றை நம்பி நின்ற மரங்கள் யாரை நம்பும்?

கடம்பின் இடம் இப்படிக் காலியாயிற்று. இனிப் புது மரம் வந்த கதைக்கு வருவோம். அதற்கு முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போன வேறொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் சப்பாத்திக்கள்ளி.

இந்தக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்து விருந்தாளிதான். இந்திரகோபப் பூச்சியைப்போல் சிவந்த சாயம் தரும் பூச்சி ஒன்று கள்ளியின் மேல் வாழும். அந்தச் சாயத்துக்கு ஐரோப்பாவில் பொன் விலை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை இங்கேயே தயாரிக்க ஆசைப்பட்டார்கள். சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் கல்கத்தா வழியாகப் பூச்சியும் வந்தது. வந்தது மட்டமான ஜாதிப் பூச்சி. சாய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் கள்ளி படுக்கவில்லை. வேலிக்கென்று நட்டதும் சேர்ந்துகொண்டு, வறண்ட மேடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வளைத்துக்கொண்டது. ஒரு மடல் கீழே விழுந்தால் அது ஒரு செடி. செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் என்ன? கள்ளி தன் உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெட்டியும் கொளுத்தியும் பார்த்தார்கள். தீரவில்லை. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அது கள்ளியின்மேல் படர்ந்தது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கள்ளி அழுகிச் சாய்ந்தது. ஒரு செடியை ஒரு பூச்சி வென்ற கதைகளில் உலகமே எடுத்துச் சொல்லும் கதை இது.

கள்ளி ஒழிந்தது. அதன் பிறகு அந்த நிலத்தில் என்ன செய்தோம்? மரம் வைத்தோமா? மண்ணை மூடினோமா? ஆட்டுக்கு விட்டோம், விறகுக்கு விட்டோம், வெயிலுக்கு விட்டோம். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசற்கதவையும் திறந்து வைத்தோம்.

சீமைக் கருவேலின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அவற்றை அடுத்த தீவுகளும். 1877-ஐ ஒட்டி ஜமைக்காவிலிருந்து வந்த விதைகளைச் சென்னை மாகாணத்தில் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். விறகுப் பஞ்சம் நீங்க வேண்டும், வறண்ட நிலம் பசுமையாக வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். சுதந்திரத்துக்குப் பின், 1950-களிலும் 1960-களிலும் ராமநாதபுரச் சீமையில் அது பெரிதாகப் பரவியது. மக்கள் வைத்த பெயர் வேலிக்காத்தான். வேலியைக் காத்தது உண்மை. பிறகு வேலியைத் தாண்டி வயலுக்குள் வந்து உட்கார்ந்தது.

அது ஏன் இங்கே இவ்வளவு எளிதாக வென்றது? கருவேல் களிமண்ணைக் கேட்டது. வெள்வேல் செம்மண்ணைக் கேட்டது. உசில் சரளையைக் கேட்டது. சீமைக் கருவேல் எதையும் கேட்கவில்லை. செம்மண் சரி, கரிசல் சரி, உப்புப் பூத்த களரும் சரி. தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சிலேயே தேடிக்கொள்ளும். வேரோ பாதாளம் பார்க்கும். அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு சுரங்கம் வெட்டியபோது இதன் நெருங்கிய உறவு மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். காய் தித்திக்கும், ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதையின் தடித்த தோல் அவற்றின் வயிற்றில் இளகி, எருவோடு சேர்ந்து ஊர் ஊராக விழும். இலையை ஆடு தொடாது. விதைக்க ஆளும் உண்டு, மேய்ந்து அழிக்க ஆள் இல்லை. இதைவிட ஒரு செடிக்கு என்ன பாக்கியம் வேண்டும்?

இந்த மரத்தின் மேல் மக்களுக்குள்ள கோபம் நியாயமானது. கண்மாய்களின் உள்வாயை அடைத்துக்கொண்டது, வரத்துக்கால்களை மூடிவிட்டது, தரிசு விழுந்த வயலை மீட்க முடியாமல் செய்தது. ஆனால் கோபத்தில், அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மழையையே தடுத்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். மழையைத் தடுப்பது மேற்கே நிற்கும் மலை. பாண்டியன் காலத்திலும் அது அங்கேதான் நின்றது. செய்த குற்றமே போதிய அளவு இருக்கும்போது செய்யாத குற்றத்தையும் ஏன் சுமத்த வேண்டும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த மரத்தால்தான் எரிகிறது. மூட்டம் போட்டுக் கரி எடுத்து லாரியில் ஏற்றி விற்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் நெல் கைவிடும், கரி கைவிடாது. அந்தக் குடும்பங்களிடம் போய் ‘இது அந்நிய மரம்’ என்று சொன்னால், ‘சொந்த மரம் எனக்கு என்ன கொடுத்தது?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் அரிவாளை எடுக்க வேண்டும்.

2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டது. இயந்திரங்கள் ஓடின. அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. மீட்பது என்ற சொல்லை அதில் சேர்த்தார்களே, அதுதான் முக்கியம். வெட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அடிக்கட்டையை விட்டிருந்தால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்திருக்கும். வேரோடு பெயர்த்திருந்தாலும் மண்ணில் கிடந்த விதை அடுத்த மழைக்கு முளைத்திருக்கும். கள்ளியை ஒழித்துவிட்டு நாம் கற்காத பாடத்தை இந்த மரம் இரண்டாம் முறை நடத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாடம் கடினமானதல்ல. எந்த மண்ணும் வெறுமையாகக் கிடக்கச் சம்மதிக்காது. நாம் மண்ணை எந்த நிலைமையில் விடுகிறோமோ, அந்த நிலைமைக்கு ஏற்ற செடி வந்து சேரும். ஆகவே மரத்தை மாற்ற வேண்டுமானால் நிலைமையை மாற்ற வேண்டும். கண்மாயைத் தூர் வாரி, வரத்துக்காலைத் திறந்து, உள்வாயில் சில மாதங்கள் தண்ணீர் நிற்கும்படி செய்தால், அந்தத் தேக்கத்தைச் சீமைக் கருவேலின் இளங்கன்று தாங்காது. நாட்டுக் கருவேல் தாங்கும். வாய்க்கால் கரைக்கு மருதம், கண்மாய்க் கரைக்கு நீர்க்கடம்பு, செம்மண் மேட்டுக்கு உசில், சரளைக்கு வெள்வேல் என்று அவரவர் பழைய பாகத்தை அவரவருக்குக் கொடுக்க வேண்டும். கரி மூட்டக்காரருக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும். கருவேலும் நல்ல விறகுதான்.

கடம்பவனம் என்ற பெயருக்காகப் பெரிய கடம்பங்கன்றைக் கரிசல் மேட்டில் நட்டு, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு வருவதில் பயன் இல்லை. சித்திரைக்குள் அது குச்சியாகிவிடும். கடம்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் வைகையின் ஊற்றைப் பார்க்க வேண்டும். மணலுக்கடியில் அது மேலே ஏறி வந்தால் கரையில் கடம்பு நிற்கும். வராவிட்டால் வேலிக்காத்தான்தான் நிற்கும். ஆற்றைக் காப்பதற்கும் அந்த ஊர்ப் பெயரைக் காப்பதற்கும் வேறுபாடு ஒன்றும் இல்லை.